ஓவியனை விட்டுவை: கம்போடியாவில் ஏழு நாள்

செப்டம்பர் 17, 2025, புதன் – புனோம் பென்

அரை அங்குலம்கூட இருக்காது அந்தக் கிழிசல். இருபது டாலர் நோட்டின் ஓரத்தில் இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. கடைக்காரப் பெண் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், இரண்டு கைகளாலும் பிடித்து மரியாதையாகத் திருப்பித் தந்தார். அடுத்த கடையிலும் அதேதான். இங்கே டாலரும் ஓடுகிறது, ரியலும் ஓடுகிறது. ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். ரியல் நோட்டு எவ்வளவு கசங்கியிருந்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள், டாலரில் ஒரு கீறல் இருந்தால் தொடமாட்டார்கள். கையில் வேறு சில்லறை இல்லாமல் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, கரும்புச்சாறு விற்ற அம்மா ஒரு கோப்பையை நீட்டி, காசை நாளைக்குக் கொடு என்று சைகை காட்டினார். 3,000 ரியல். முதல் நாளே ஒரு ஊரில் கடன்.

மழை மாலை நாலு மணிக்குப் பிடித்தது. அரைமணி நேரத்தில் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். பஜாஜ் ஆட்டோ ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. ஆமாம், நம்ம பஜாஜ்தான். ஓட்டுநர் என்னை 'பொங்' என்று கூப்பிட்டார். அண்ணன், அக்கா இரண்டுக்கும் அதுவே சொல்.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். முப்பது வருஷம் சாரத்தில் ஏறி நின்று கண்ணும் மூக்கும் போட்டவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் போயிற்று. போன வருஷம் வான் நாத் என்ற கம்போடிய ஓவியரைப் பற்றிப் படித்தேன். அவரும் சினிமா விளம்பரமும் கடைப் பலகையும் வரைந்து பிழைத்தவர். 1975 முதல் 1979 வரை நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் எஸ்-21 சிறைக்குள் போய் உயிரோடு வெளியே வந்த மிகச் சிலரில் ஒருவர். அங்கே நடந்ததை அவர்தான் வரைந்து வைத்தார். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "போர்டு எழுதுறவனா? நம்ம ஆளா?"

கிளம்பும்போது அம்மாவுக்குத்தான் கோபம். "மகாளய பட்சத்துல யாராவது ஊர் சுத்தப் போவாங்களா?" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன் – துவோல் ஸ்லெங்

காலையில் முதலில் 3,000 ரியல் கடனை அடைத்தேன். அந்த அம்மா மறந்தே போயிருந்தார்.

துவோல் ஸ்லெங் ஒரு பள்ளிக்கூடம். அதை மறக்கவே முடியாதபடி இருக்கிறது கட்டடம். மூன்று மாடி, நீள வராண்டா, வரிசையாக வகுப்பறைகள், நடுவில் விளையாட்டுத் திடல், மரநிழல். நான் படித்த பள்ளிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் புனோம் பென்னைப் பிடித்து, ஊரையே காலி செய்து எல்லோரையும் கிராமங்களுக்கு விரட்டியது. அப்புறம் இந்தப் பள்ளி எஸ்-21 என்ற ரகசியச் சிறையானது. 14,000 பேருக்கும் மேல் இதற்குள் வந்தார்கள். பெரியவர், குழந்தை, விவசாயி, கடைசியில் கட்சிக்காரர்களே. சித்திரவதை செய்து வாக்குமூலம் எழுதி வாங்கி, பிறகு கொன்றார்கள். சிறையை நடத்திய டூச் முன்னாள் கணக்கு வாத்தியார். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நகருக்குள் நுழைந்ததோடு இது முடிந்தது.

நுழைவுக் கட்டணம் 5 டாலர், ஒலி வழிகாட்டிக்கு இன்னொரு 5. வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பாதி அறைகள் வெறும் அறைகளாகத் தெரியும்.

முதல் கட்டடத்தில் இரும்புக் கட்டில்கள். இரண்டாவதில் முகங்கள். ஆயிரக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்கள், மார்பில் எண் குத்தியவை. ஒரு பையனுக்குச் சட்டை இல்லை. இன்னொரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரும்போது மெல்ல ஒன்று உறைத்தது. இந்தப் படங்கள் எல்லாம் சிறைக்காரர்கள் எடுத்தவை. கோப்பில் ஒட்டுவதற்காக எடுத்தவை. அந்த முகங்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனவோ, அவன் கையில்தான் கேமரா. வாக்குமூலங்களும் அப்படித்தான், அடித்து எழுதி வாங்கியவை. எஸ்-21 பற்றி நமக்கு இருக்கும் ஆவணக் குவியல் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அந்தக் குவியல் கிட்டத்தட்ட முழுக்கக் கொன்றவர்களின் கைவேலை. உள்ளே கிடந்தவன் பார்த்தது அதில் இல்லை.

அது கடைசிக் கட்டடத்தில் இருக்கிறது, வான் நாத்தின் ஓவியங்களில்.

1978 ஜனவரியில் அவரை இங்கே கொண்டுவந்தார்கள். காலில் விலங்கு, பட்டினி. பக்கத்தில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஒரு மாதம் போனபின் அவரைக் கூப்பிட்டு ஒரு புகைப்படத்தைக் கொடுத்து இதைப் பார்த்து வரை என்றார்கள். அது கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் என்பவரின் படம். அந்த ஆள் யாரென்றுகூட அவருக்கு அப்போது தெரியாது. கொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்திருக்கிறது. அதற்கு எதிரே டூச் எழுதி வைத்தான்: ஓவியனை விட்டுவை. ஒரு வருஷம் தலைவரின் முகத்தை வரைந்து வரைந்து உயிர் பிழைத்தார். பூ மெங் என்ற இன்னோர் ஓவியரும் இதே வழியில்தான் தப்பினார். அவருடைய மனைவி தப்பவில்லை.

அருங்காட்சியகம் 1980இல் திறந்தபோது வான் நாத்தை மறுபடி இதே கட்டடத்துக்கு அழைத்துவந்து, பார்த்ததை வரையச் சொன்னார்கள். விடுதலையாகி அதிகக் காலம் ஆகாதவர், அதே வராண்டா வழியாகத் தினமும் வேலைக்கு வந்திருக்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகள் அந்த ஆட்சியில் இறந்துபோயிருந்தார்கள்.

ஓவியங்களின் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஒன்றில் ஒரு அறை முழுக்க ஆட்கள், தரையில் வரிசையாக, எல்லார் கணுக்கால்களும் ஒரே நீள இரும்புக் கம்பியில் கோத்தபடி. இன்னொன்றில் ஒருவனைக் கைகால் கட்டிக் கழியில் தொங்கவிட்டு இரண்டு பேர் தூக்கிப்போகிறார்கள். நம் ஊரில் பன்றியை அப்படித் தூக்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதில் சாய்ந்த பலகையில் ஒருவனைக் கட்டிப்போட்டு, முகத்தை மூடிய துணிமேல் பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தப் பலகையே ஓவியத்தின் அருகில் கிடக்கிறது. பலகையை மட்டும் பார்த்தால் என்னவென்று தெரியாது. ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்தால் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டு நுட்பம் போதாது என்று சொல்லக்கூடும். எனக்கு இது பழகிய கை. சுற்றுக்கோடு திட்டமாக இருக்கிறது, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழுகிறது. யார் அடிக்கிறான், யார் அடிபடுகிறான் என்பதில் குழப்பமே இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸில் போகிறவனுக்கும் புரிய வேண்டும் என்று வரைகிறவன் கை இப்படித்தான் போகும். இந்த ஓவியங்கள் வந்த முதல் வருஷங்களில் இதைப் பார்க்க வந்தவர்கள், காணாமல்போன மகனையும் கணவனையும் சுவர்ப் படங்களில் தேடிவந்த கம்போடியர்கள். அவர்களுக்குப் புரிய வேண்டியது புரிந்தது. இதற்குப் பலகை எழுதுகிறவனின் கைதான் சரி, வேறு கை இதைக் கெடுத்திருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

எல்லாக் காட்சியும் அவர் கண்ணால் கண்டதல்ல. சிலவற்றை உடன் பிழைத்தவர்கள் சொல்லக் கேட்டு வரைந்தார், அதை அவரே சொல்லியிருக்கிறார். அதனால் சாட்சியம் குறைந்துபோகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே தன் கண், எங்கே பிறர் வாய் என்பதை மறைக்காத சாட்சி அவர். 2009 ஜூனில் டூச் மீதான வழக்கில் நீதிமன்றத்தில் நேராக நின்று சொன்னார். டூச்சுக்கு ஆயுள் தண்டனை 2012இல் உறுதியானது. அதைப் பார்க்க வான் நாத் இல்லை. சிறுநீரக நோயோடு இருந்தவர், 2011 செப்டம்பரில் இறந்துபோனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே கட்டடத்தில் ஒரு காலத்தில் மண்டையோடுகளால் ஆன கம்போடிய வரைபடம் ஒன்று சுவரை அடைத்து இருந்தது. அருங்காட்சியகத்தை வடிவமைத்த வியட்நாம் அதிகாரி மாய் லாம் செய்தது. சுமார் 300 மண்டையோடுகள், ஆறுகளும் ஏரியும் ரத்தச் சிவப்பில். 2002இல் கழற்றிவிட்டார்கள். அதன் புகைப்படம் பார்த்தேன். அதைச் செய்தவருக்கு உலகத்தை உலுக்க வேண்டும் என்ற அவசரம் இருந்திருக்கும், அது புரிகிறது. ஆனால் அந்த மண்டையோடு ஒவ்வொன்றும் ஒருவருடைய அப்பா, ஒருவருடைய தங்கை. அவற்றை எடுத்து எல்லைக்கோடு போட்டால், செத்தவர்களை இரண்டாம் முறை ஒருவன் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்ட மாதிரிதான். வான் நாத் யார் எலும்பையும் எடுக்கவில்லை. திடலில் இப்போது 2015இல் கட்டிய நினைவுத் தூபி இருக்கிறது, சுற்றிலும் கறுப்புக் கல்லில் பெயர்கள். ஒரு வயதான பெண்மணி விரலால் வரிசை வரிசையாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

ராத்திரி அப்பாவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கை எப்படிப் போட்டிருக்காரு?" என்றார். கழியில் கட்டிய கைகளைப் பற்றிச் சொன்னேன், விரல்கள் விறைத்து விரிந்திருப்பதை. "ம். பாத்திருக்காரு" என்றார்.

சாப்பிடவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி – சோயுங் ஏக்

நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். எஸ்-21 கைதிகளை இரவில் லாரியில் ஏற்றி இங்கேதான் கொண்டுவந்தார்கள். முன்பு பழத்தோட்டமும் சீனர்களின் இடுகாடுமாக இருந்த இடம். இப்போது புல் முளைத்த பள்ளங்கள், அத்தனையும் புதைகுழிகள். பெருமழைக்குப் பிறகு மண்ணிலிருந்து துணியும் எலும்பும் பல்லும் இன்னமும் மேலே வருகின்றன. நேற்றைய மழையில் பாதையோரம் ஒரு நீலத் துணி நுனி வெளியே தெரிந்தது. காவலர் வந்து அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

குண்டு விலை அதிகம் என்பதால் கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கொன்றார்கள். மண்வெட்டி, கோடாலி, மூங்கில். ஒலி வழிகாட்டி ஒரு பனைமரத்தின் முன்னால் நிற்கச் சொல்கிறது. மட்டையின் ஓரத்தைப் பாருங்கள் என்கிறது. எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கருக்கு. சின்ன வயதில் தாத்தா ஊரில் பனைமட்டை இழுத்துத் தொடையில் கிழித்துக்கொண்டது இன்னும் தழும்பாக இருக்கிறது. அந்தக் கருக்கால் கழுத்தை அறுத்திருக்கிறார்கள். பனை நம் மாநில மரம், கம்போடியாவுக்கும் அதுவே தேசிய மரம். வந்த நாளிலிருந்து வயல்வரப்பில் பனையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். இன்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

நடுவில் உயரமான தூபி. கண்ணாடிக்குள் மண்டையோடுகள் அடுக்கடுக்காக. இவற்றையும் தகனம் செய்துவிட வேண்டும், எரிக்காத எலும்புக்கு ஆன்மா அமைதி அடையாது என்று மன்னர் சிஹானுக் சொல்லிவந்தார். ஆதாரம் வேண்டும் என்று அரசு வைத்துக்கொண்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். இங்கே மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊதுபத்தி ஏற்றி, பூ வைத்து உள்ளே போகிறார்கள். மண்டையோட்டு வரைபடத்தின் முன்னால் யாரும் பூ வைத்திருக்க முடியாது. இந்த இடமும் துவோல் ஸ்லெங்கும் இந்த ஜூலையில்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மாலையில் மீன் அமோக் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் மீனை வாழையிலைத் தொன்னையில் வைத்து ஆவியில் வேகவைப்பது. 5 டாலர். இரண்டு நாள் பசி தீர்ந்தது. கிழிந்த இருபது டாலரை ஒரு நகைக்கடைக்காரர் 18க்கு எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 20, சனி – பஸ்ஸிலேயே

பட்டம்பாங் வான் நாத்தின் ஊர். 290 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் என்றார்கள். பதினொன்று ஆனது. நாடே ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, நம் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி. காலை ஏழு மணி பஸ் ஒன்பதரைக்கு வந்தது. என் இருக்கையில் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். புர்சாட்டுக்கு முன்னால் டயர் வெடித்தது.

ரோட்டோரம் எல்லோரும் இறங்கி நின்றோம். வெயில் தலையைப் பிளந்தது. யாரும் ஓட்டுநரிடம் சத்தம் போடவில்லை, அது எனக்கு ஆச்சரியம். ஒரு பாட்டி கழுத்தில் இருந்த சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துண்டை அவிழ்த்து என் தலையில் போட்டுவிட்டார். கிராமா என்று பெயர், நம் துண்டு மாதிரி எல்லாவற்றுக்கும் ஆகும். பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து எனக்குப் பாதி தந்தார். அன்சோம். ஒட்டும் அரிசியும் பாசிப்பருப்பும் பன்றிக்கறியும் வைத்து நீளமாகக் கட்டி அவித்தது. எதற்கு இவ்வளவு செய்து எடுத்துப்போகிறீர்கள் என்று பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் மூலமாகக் கேட்டேன்.

"பிச்சும் பென். செத்துப்போனவங்களுக்கு. பதினைஞ்சு நாள் அவங்க வந்து காத்திருப்பாங்க. நாம கொடுக்கலைன்னா பசியோட திரும்பிப் போவாங்க."

பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அமாவாசை வரை. பென் என்றால் பிண்டம், அதே சமஸ்கிருதச் சொல். பிச்சும் என்றால் சேர்த்தல். அம்மா சொன்ன அதே பதினைந்து நாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாட்டியிடம் யாருக்காக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே விரலை மடக்கிக் காட்டினார். ஐந்து.

செப்டம்பர் 21, ஞாயிறு – பட்டம்பாங்

ஊரில் இன்று மகாளய அமாவாசை. விடிகாலை நாலு மணிக்கு விடுதிக்காரர் தன் குடும்பத்தோடு என்னையும் விகாரைக்குக் கூட்டிப்போனார். கும்மிருட்டு. தட்டில் சோற்று உருண்டைகள், எள் கலந்து பிடித்தவை. வெறுங்காலோடு விகாரையைச் சுற்றிவந்து உருண்டைகளை இருட்டுக்குள் எறிகிறார்கள். பாவத்தால் வெளிச்சத்துக்கு வர முடியாத ஆவிகளுக்கு வாய் ஊசித்துளை அளவுதானாம், அதனால் இருட்டில்தான் கொடுக்க வேண்டும். விடுதிக்காரரின் அம்மா என் கையிலும் ஒன்று வைத்தார். எள்ளும் சோறும் அப்பத்தா திதியில் வரும் அதே மணம். அப்பத்தாவை நினைத்துக்கொண்டு எறிந்தேன்.

காலையில் நொம் பான்சோக். அரிசி நூடுல்ஸ் மேல் பச்சை மீன் குழம்பு, பச்சை இலைகள். 5,000 ரியல். வான் நாத்தின் குடும்பம் இதை விற்றுத்தான் பிழைத்தது.

பிறகு ஊருக்கு வெளியே சம்ராங் நோங் விகாரை. இதையும் கெமர் ரூஜ் சிறையாக்கியது. இப்போது ஒரு நினைவுத் தூபி, கண்ணாடிக்குள் எலும்புகள். அதன் அடிப்பாகத்தைச் சுற்றிலும் புடைப்புச் சிற்பங்கள். ஊரை விட்டு விரட்டப்படும் கூட்டம், வயலில் வேலை வாங்குதல், கட்டாயக் கல்யாணம், அடித்துக் கொல்லுதல். கறுப்புச் சட்டைக்காரன் மரத்தடியில் கையை ஓங்கி நிற்கும் பலகையில் வெயில் சாய்வாக விழுந்தபோது, ஓங்கிய கையின் நிழல் கீழே கிடப்பவன்மேல் விழுந்தது.

கோயிலுக்கு வந்த குடும்பங்கள் சுற்றிவந்து ஒவ்வொரு பலகையாக நின்றன. ஒரு அப்பா பத்து வயதுப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நம் கோயில் பிராகாரத்தில் புராணக் கதை சொல்வது போலவே, விரலால் தொட்டுத் தொட்டு. பள்ளிப் புத்தகத்தில் இந்தக் காலம் பல ஆண்டுகள் சரியாக இடம்பெறாமல் போன நாடு இது. பிள்ளைக்கு வரலாறு சொல்ல அந்த அப்பாவுக்கு ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. சிற்பி யாரென்று கேட்டேன், அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

மாலையில் பார் போன்லூ செல்பாக் கலைப்பள்ளியை வெளியிலிருந்து பார்த்தேன், விடுமுறை. 'கலையின் ஒளி' என்று அர்த்தம். தாய்லாந்து எல்லை அகதி முகாமில் சிறுவர்களாக ஓவியம் படித்தவர்கள், ஊர் திரும்பி 1994இல் தொடங்கியது. முகாமில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பென்சிலும் காகிதமும்தான்.

செப்டம்பர் 22, திங்கள் – சியம் ரீப்

பயணம், மழை, காய்ச்சல். பிச்சும் பென்னின் முக்கிய நாள், பாதிக் கடைகள் பூட்டு. விடுதியில் இருந்த பெண் அரிசிக் கஞ்சியும் இஞ்சியும் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய் – அங்கோர்

ஒரு நாள் சீட்டு 37 டாலர். தாய்லாந்து எல்லை மூடியிருப்பதால் கூட்டம் குறைவு என்று ஆட்டோக்காரர் வருத்தப்பட்டார்.

சூரிய உதயம் பார்க்கிற கூட்டத்தை விட்டுவிட்டு நேரே அங்கோர் வாட்டின் தெற்குப் பிராகாரத்துக்குப் போனேன். மேற்குப் பாதியில் இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம். யானைமேல் தளபதிகள், குடைகள், யார் யார் என்று கல்லிலேயே பெயர்க் குறிப்பு. 12ஆம் நூற்றாண்டில் ஒரு அரசன் தன்னைப் பற்றி எல்லோரும் என்ன நினைக்க வேண்டும் என்று விரும்பினானோ அது. கிழக்குப் பாதியில் எமன் எருமைமேல் உட்கார்ந்திருக்கிறான். சித்திரகுப்தன் இருக்கிறான். கீழே 32 நரகங்கள், அவற்றுக்கும் பெயர் எழுதியிருக்கிறது. ரௌரவம், வைதரணி, எலும்பை முறிக்கும் அஸ்திபங்கம். கழியில் கட்டித் தூக்கிப்போகிறார்கள், ஆணி அடிக்கிறார்கள், தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள்.

ஐந்து நாளைக்கு முன்னால் இதையெல்லாம் எண்ணெய் வண்ணத்தில் பார்த்தேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தக் கல்லில் அடிபடுகிறவர்கள் பாவிகள். அடிக்கிறவர்கள் தர்மத்தின் ஆட்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷமாக இந்த மண்ணில் வதைபடும் உடம்பைப் பார்த்தால் அவன் ஏதோ செய்திருக்கிறான் என்று அர்த்தம். டூச்சும் அதைத்தான் சொன்னான், உள்ளே வந்தவன் எல்லாம் துரோகி என்று. கெமர் ரூஜ் கொடியிலும் அங்கோர் வாட்டின் மூன்று கோபுரம் இருந்தது. வான் நாத் அதே கழியை, அதே கட்டை, அதே தொங்கும் உடம்பை வரைந்தார், ஆனால் தொங்குகிறவன் எந்தப் பாவமும் செய்யாதவன். படம் ஒன்றுதான், அர்த்தத்தைப் புரட்டிப் போட்டுவிட்டார். இதை அவர் நினைத்துச் செய்தாரா தெரியாது. இங்கே நிற்கும்வரை எனக்கும் தோன்றவில்லை.

மதியம் பாயோன் கோயில். ஏழாம் ஜயவர்மன் கட்டியது. சுவர்ச் சிற்பத்தில், இன்றைய வியட்நாம் பக்கத்துச் சாம்பா நாட்டாரோடு நடந்த படகுப் போரும் உண்டு, விழுந்தவர்களை முதலை தின்கிறது. ஆனால் அந்தப் போருக்குக் கீழேயே சந்தை நடக்கிறது. மீன் விற்கும் பெண், சேவல் சண்டை, அடுப்பில் பெரிய பானை, பிரசவ வலியில் ஒரு பெண், அவளைத் தாங்கிப் பிடித்திருக்கும் மருத்துவச்சி. அரசன் கோயிலில் ராஜாவுக்குக் கீழே ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது. மீன்காரி ஒருத்தி ஒரு கையால் தராசைப் பிடித்திருக்கும் விதம் சந்தையில் நான் பார்த்த அம்மாவேதான்.

மேல் அடுக்கில் சில இடங்களில் வேலை முடியவில்லை. உளியால் கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறார்கள். வரிசையாக ஆட்கள், முகமில்லாமல், சுற்றுக்கோடு மட்டும். வீடியோ அழைப்பில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கிட்டக் காட்டு. இன்னும் கிட்ட." ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஒரே ஆள் போட்டதில்ல. இடது பக்கம் தோளு ஒரே இழுப்புல வந்திருக்கு பாரு. வலது பக்கம் தடவித் தடவிப் போட்டிருக்கான். கத்துக்குட்டி. பக்கத்துல வாத்தியார நிக்க வச்சுப் போட்டிருக்கான்."

எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வாத்தியாரும் பையனும். நான் கல்லைப் பார்த்தேன், அப்பா சொன்ன பிறகு எனக்கும் இரண்டு கையும் தனித்தனியாகத் தெரிந்தது.

மழை பெரிதாகப் பிடித்துவிட்டது. காவலர் வந்து கீழே இறங்கச் சொன்னார். படியில் வழுக்கும் என்று அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். போனில் அப்பாவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"வைக்காத, வைக்காத. அந்தக் கைய இன்னொருவாட்டி காட்டு."